பிச்சாவரம் கழியில் இருளர்களின் இறால் பிடிப்பு: சட்டப்படி உரிமை கேட்பதா, ஊரே சேர்ந்து கட்டுப்பாடு போடுவதா?

கழிக்கரை (பரங்கிப்பேட்டை) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், முழு நிலவரத்தையும் சொன்னால்தான் உங்களால் யோசனை சொல்ல முடியும்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டி இருக்கும் ஓர் இருளர் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அங்கே கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் கழிதான் சோறு போடுகிறது. படகு கிடையாது, பெரிய வலை கிடையாது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து ஆண், பெண் எல்லாரும் இடுப்பளவு, சில இடத்தில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். பனையோலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள், கையில் தட்டுப்படும் இறால் நேராக அதற்குள் போகும். மணிக்கணக்கில் அப்படியே இருந்துவிட்டுக் கரையேறும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்து, இறால் முள் குத்திய இடம் சிவந்திருக்கும். அந்தக் கையோடுதான் பெண்கள் இறாலைத் தரம் பிரித்து வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைக்கிறார்கள்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், வாய்க்கால் முகத்தில் குறுக்கே கொசுவலை மாதிரி சின்னக் கண் வலையைக் கட்டிவிடுகிறார்கள். இறால் குஞ்சு, மீன் குஞ்சு என்று எதுவும் தப்புவதில்லை. கையால் தடவிப் பிடிப்பவர்களுக்கு உள்ளே ஒன்றும் மிஞ்சுவதில்லை. கேட்கப் போனால் 'நீங்க என்ன மீனவரா, இது உங்க கழியா' என்று பேச்சு வருகிறது. காட்டுக்குள் போகும்போதும் சில நாள் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, சில நாள் தடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், எது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

போன வாரம் குடியிருப்பில் உட்கார்ந்து பேசினோம். பெரியவர்கள் சொல்வது, நாமே ஒரு கட்டுப்பாடு போடுவோம் என்பது. சின்னக் கண் வலை கூடாது, சினை நண்டைத் திரும்ப விடணும், ஏதாவது ஒரு வாய்க்காலைக் கொஞ்ச மாதம் யாரும் தொடாமல் விட்டு வைக்கணும். இளைஞர்கள் இதை ஏற்கவில்லை. 'நாம சொன்னா எவன் கேட்பான், கையில ஒரு காகிதம் வேணும்' என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

என் கேள்விகள்: வன உரிமைச் சட்டம் தண்ணீருக்கும் மீனுக்கும் பொருந்துமா? பக்கத்து மீனவ கிராமங்களோடு இதை எப்படிப் பேசித் தீர்ப்பது? ஊரே சேர்ந்து விதி போட்டு நடத்தி, அது நிலைத்து நின்ற இடம் எங்காவது உண்டா?

கெடிலம் (கடலூர்):

முதல் கேள்விக்கு பதில்: பொருந்தும். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே நீர்நிலைகளில் மீனும் மற்ற விளைபொருளும் எடுப்பது ஒரு சமூக உரிமை என்று எழுதியிருக்கிறது. பிச்சாவரம் காப்புக்காடு, ஆகவே காடு என்ற கணக்கிலும் சந்தேகம் இல்லை. காட்டுக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிழைப்புக்குக் காட்டை நம்பி வெளியே குடியிருப்பவர்களும் கேட்கலாம் என்று மத்திய பழங்குடியினர் அமைச்சகம் 2008இலேயே விளக்கம் கொடுத்துவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிரிவில் இரண்டு விதமான உரிமை இருக்கிறது. ஒன்று, எடுத்துக்கொள்ளும் உரிமை, அதற்குப் படிவம் பி. இன்னொன்று, வழிவழியாகக் காத்து வந்த சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமை, அதற்குப் படிவம் சி. பல இடங்களில் முதலாவதை மட்டும் கேட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு இரண்டாவது கட்டாயம் வேண்டும். 'இந்த வலை இங்கே கூடாது' என்று சொல்லும் அதிகாரம் அதில்தான் வருகிறது. பெரியவர்கள் கேட்பதும் இளைஞர்கள் கேட்பதும் அந்த ஒரே படிவத்துக்குள் அடங்கிவிடும், இரண்டு கட்சியாகப் பிரிய வேண்டிய தேவையே இல்லை.

நடைமுறை இப்படி. கிராம சபை கூடி வன உரிமைக் குழு அமைக்க வேண்டும், 10 முதல் 15 பேர். பழங்குடியினர் இருக்கும் ஊரில் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களாக இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். சபையில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் போதும் என்று யாராவது நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தால் விடாதீர்கள், பின்னால் அந்த ஒரு ஓட்டையை வைத்தே மனுவைத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் மனு கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குப் போகும், அதன் பிறகு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு.

ஆதாரத்துக்குப் பயப்பட வேண்டாம். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நம்பிப் பிழைக்கிறார்கள் என்று காட்ட வேண்டும், இரண்டு ஆதாரம் போதும். மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம்தான். எந்த வாய்க்காலுக்கு என்ன பெயர், எங்கே இறங்குவார்கள், எங்கே கரையேறுவார்கள், எந்த இடத்தில் சாமி கும்பிடுகிறார்கள் என்று பிள்ளைகளை வைத்தே ஒரு வரைபடம் போடுங்கள். மனு மீதான விசாரணை முடிகிற வரைக்கும் காட்டை நம்பிப் பிழைப்பவர்களை வெளியேற்றக் கூடாது என்றும் 4ஆம் பிரிவு சொல்கிறது, இதை எல்லாரும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

தமிழ்நாட்டில் இது ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பீர்கள். 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் தன் அனுமதி இல்லாமல் உரிமைப் பத்திரம் கொடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கும் வரை இங்கே கிட்டத்தட்ட எதுவும் நகரவில்லை. எட்டு வருடம். அதனால் மற்ற மாநிலங்களில் பழகிப்போன விஷயம் நம் அலுவலகங்களில் இன்னும் புதிதாகவே இருக்கிறது. சட்டத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

அலைவாய் (கடலூர் கடற்கரை ஊர்):

நான் கடல் தொழில் செய்கிற குடும்பம், கட்டுமரக் காலத்திலிருந்து. இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பஞ்சாயத்து என்பது ஓட்டுப் போட்டு வரும் அரசாங்கப் பஞ்சாயத்து இல்லை. கல்யாணம் ஆன ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. அந்தப் பணத்தில்தான் கோயில் திருவிழா, கடலில் உயிர் போனவர் குடும்பத்துக்கு உதவி, வழக்குச் செலவு எல்லாம். எந்த வலை நம் ஊர்க் கரையில் கூடாது, எந்த நாள் யாரும் கடலுக்குப் போகக் கூடாது, ஊரில் இறப்பு என்றால் என்ன செய்வது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். மீறினால் அபராதம். அரசாங்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை போடுகிறதே, அதற்கெல்லாம் ரொம்ப முன்னாடியே எங்கள் ஆட்கள் சில வலைகளைத் தாங்களாகவே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒருத்தனுக்கு நிறைய கிடைத்து நூறு பேருக்கு இல்லாமல் போகும் வலை என்றால் ஊர் விடாது, அதுதான் கணக்கு.

ஆனால் இதன் பலம் எதுவோ அதுவேதான் பலவீனமும். விதி ஓர் ஊருக்குள் இருக்கும் வரை நிற்கும். தண்ணீர் ஓர் ஊரோடு நிற்காதே. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தடை, சில ஊர் வேண்டாம் என்கிறது, சில ஊர் கடன் வாங்கிப் போட்ட முதலீட்டை விட முடியாது என்கிறது. 2021இல் புதுச்சேரியில் நல்லவாடு, வீராம்பட்டினம் ஆட்கள் நடுக்கடலில் மோதிக்கொண்டு போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுடும் அளவுக்குப் போனது. 2023இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு வெளியே, வாரம் இரண்டு நாள், பகலில் மட்டும் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகும் மனக்கசப்பு தீரவில்லை. ஊர் ஊராக உட்கார்ந்து பேசியிருந்தால் கோர்ட்டு வரை போயிருக்காது என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆகவே மனுப் போடுவதற்கு முன்னாலேயே பக்கத்து மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பாருங்கள். மனு போன பிறகு தாக்கீது வந்து அவர்களுக்குத் தெரிந்தால், இருளர் கழியைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்றுதான் பேச்சு கிளம்பும். சின்னக் கண் வலையால் பாதிப்பு அவர்களுக்கும்தான். கழியில் வளரும் இறால் குஞ்சுதான் பெரிதாகிக் கடலுக்குப் போகிறது, அதைக் குஞ்சிலேயே அள்ளினால் கடலில் வலை போடுகிறவனுக்கும் கிடைக்காது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குப் புரியும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பஞ்சாயத்தில் ஓர் இருளர் சமமாக உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. பெண்களும் இல்லை, மீன் விற்றுக் குடும்பத்தை நடத்துவதே அவர்கள்தான் என்றாலும். இது தப்பு. நீங்கள் பேச வரும்போது தனியாக வராதீர்கள், நாலு பெரியவர்களோடும் இறால் பிடிக்கும் பெண்களோடும் வாருங்கள். அவர்களே பேசட்டும்.

உப்பனாறு:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிச்சாவரம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம். ஒவ்வொரு கூட்டமும் உரிமை உரிமை என்று காகிதம் வாங்கிக்கொண்டு வந்தால் பத்து வருடத்தில் அங்கே மரம் இருக்காது. விறகுக்கு வெட்டியதும் மாடு மேய்த்ததும் யார்? காட்டை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும், இவர்களுக்கு வேறு வேலை ஏற்பாடு செய்து கொடுத்தால் போதும்.

கண்டல்விதை (புதுச்சேரி):

உப்பனாறு, நீங்கள் கேட்டதற்குப் பிச்சாவரத்திலேயே பதில் இருக்கிறது. நான் படிப்புக்காக அந்தப் பகுதியில் களவேலை செய்தவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரொம்ப காலமாக எல்லாரும் நீங்கள் சொன்ன அதே குற்றச்சாட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஊர்க்காரன் வெட்டினான், மாடு மேய்ந்தது, காடு போச்சு என்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணையும் பழைய பதிவுகளையும் ஆராய்ந்தபோது தெரிந்தது வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை மொத்தமாக வெட்டி எடுப்பதே அன்றைய காட்டு நிர்வாக முறை. அப்படி மொட்டையாக்கிய இடத்தில் வெயில் நேராக இறங்கி ஈரம் வற்றி மண் அமுங்கித் தாழ்ந்து தொட்டி மாதிரி ஆகிவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல் தண்ணீர் திரும்பிப் போக வழி இல்லாமல் தேங்கி, காய்ந்து காய்ந்து உப்பு ஏறிப்போனது. கோடையில் போனால் அந்தத் தரையில் வெள்ளையாகப் பொருக்கு பூத்திருக்கும், காலை வைத்தால் நொறுங்கும். அந்த உப்பில் எந்தக் கண்டல் விதையும் முளைக்காது. மாட்டைக் கட்டி வைத்தாலும் முளைக்காது.

தீர்வு எளிமையானது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி இயற்கைக் கழியோடு இணைத்து, இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால் வெட்டினார்கள், மேலிருந்து பார்த்தால் மீன் முள் வடிவம். ஏற்ற இறக்கத்துக்குத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர ஆரம்பித்ததும் உப்பு இறங்கியது, வாய்க்கால் சரிவில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரக்கன்றை நட்டார்கள், பிடித்துக்கொண்டது. யார் வெட்டினார்கள், யார் நட்டார்கள்? வனத்துறையும் நிறுவனமும் பக்கத்து ஊர் மக்களும் சேர்ந்து, அந்தந்த ஊரில் அலையாத்தி மன்றம் அமைத்து. இருளர்களும் அதில் இருந்தார்கள். எந்த இடத்தில் தண்ணீர் எப்படி ஓடும், எங்கே தேங்கும் என்று, சேற்றைத் தினமும் கையால் தடவுகிறவர்களைவிட யாருக்குத் தெரியும்? 2004 சுனாமியில் அலையாத்திக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் தப்பியதை அந்த ஊர் மக்களே உங்களுக்குச் சொல்வார்கள்.

கழிக்கரைக்கு ஒரு யோசனை. அந்த வாய்க்கால்கள் வருடம் போகப் போகத் தூர்ந்துபோகும், தூர் வாராவிட்டால் பழையபடி தண்ணீர் தேங்கிவிடும். திட்டம் இருக்கும்போது ஆள் இருப்பார்கள், திட்டம் முடிந்தால் அதைப் பார்க்க யாரும் இல்லை. உங்கள் விதிகளில் வலையை மட்டும் சேர்க்காதீர்கள், எந்த வாய்க்காலை யார் தூர் வாருவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நிர்வகிக்கும் உரிமை கேட்கிறவர்கள் நிர்வகித்துக் காட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

அப்புறம் கூட்ட நேரம். தண்ணீர் வற்றும் நேரத்தில் கூட்டம் வைத்தால் பெண்கள் கழியில் இருப்பார்கள், ஆண்கள் மட்டும் வந்து தீர்மானம் போட்டுவிடுவார்கள். பல திட்டங்களில் இப்படித்தான் நடந்தது. ஏற்றம் இருக்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள்.

கெடிலம் (கடலூர்):

உப்பனாறுக்கு ஒரு வரி. ராம்சார் உடன்படிக்கை ஆட்களை அப்புறப்படுத்தச் சொல்லவில்லை. ஈரநிலத்தை விவேகமாகப் பயன்படுத்துவது என்பதுதான் அதன் அடிப்படையே.

பாகூர் ஏரிக்கரை (புதுச்சேரி):

எங்கள் பக்கம் இருளர் வாழ்க்கை வேறு மாதிரி, ஏரி, வயல் வேலை, எலி பிடிப்பது. புதுச்சேரியில் அவர்களைப் பழங்குடி என்று ஏற்றதே 2016இல்தான், அதுவரை சான்றிதழே கிடையாது. அதனால் முதலில் சாதிச் சான்றைச் சரி செய்யுங்கள் என்பேன்.

மூன்றாவது கேள்விக்கு ஏரி அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையிலிருந்து, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் சொர்ணாவூர் அணைக்கட்டு வழியாக, பங்காரு வாய்க்காலில் வருகிறது. சிங்காரி, பங்காரி என்று இரண்டு பெண்கள் வெட்டிய வாய்க்கால் என்று எங்கள் ஊரில் கதை உண்டு. ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு மடை திறந்து விட ஊருக்கு ஆள் இருந்தார், தூர் வாருவது ஊர் வேலை. போர்வெல் வந்தது, பணக்கார விவசாயிக்கு ஏரி தேவைப்படவில்லை, கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார், ஏரி வேலையும் நின்றது. 1999இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு புதுச்சேரி ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்து ஏரிக்கு ஏரி சங்கம் அமைத்தார்கள். சங்கம் கையில் சொந்த வருமானம் இருந்த வரை உயிரோடு இருந்தது என்பதுதான் நான் பார்த்தது. கரையில் உள்ள மரம், மீன் குத்தகை, இந்தப் பணம் சங்கத்துக்கு வந்தால் கூட்டத்துக்கு ஆள் வரும். வராவிட்டால் தலைவர், செயலாளர் இரண்டு பேர்தான்.

நீங்களும் முதல் நாளிலேயே பொதுப் பணத்துக்கு வழி பாருங்கள். இறாலை ஆளுக்கு ஆள் வியாபாரியிடம் கொடுக்காமல் ஒரே இடத்தில் எடை போட்டு விற்று, கிலோவுக்கு இவ்வளவு என்று பொதுவில் எடுத்து வையுங்கள். முன்பணம் கொடுத்து வைத்திருக்கும் வியாபாரி சண்டைக்கு வருவார், அதற்கும் தயாராக இருங்கள். கணக்கை எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கணக்கு தெரிய வேண்டும்.

நிலைத்து நின்ற ஊர் கேட்டீர்களே, மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகா. கோண்டு பழங்குடி ஊர். 2009இல் ஏறக்குறைய 1,800 ஹெக்டேருக்கு சமூகக் காட்டு உரிமை வாங்கினார்கள், 2011இல் தங்கள் மூங்கிலைத் தாங்களே விற்கும் அனுமதியும் கிடைத்தது. அவர்கள் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே ஊர்க்கூட்டம் போட்டு, ஒருவர் மறுத்தாலும் முடிவைத் தள்ளி வைத்து, எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகே செய்து பழகியிருந்தார்கள். காகிதம் அப்புறம்தான் வந்தது.

கழிக்கரை (பரங்கிப்பேட்டை):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்றைக்கு மாலை வகுப்பு முடிந்ததும் பெரியவர்களிடம் படித்துக் காட்டினேன். எடுக்கும் உரிமை வேறு, நிர்வகிக்கும் உரிமை வேறு என்றதும் ஒரு பாட்டி, 'அப்போ நாங்க சொல்ற கட்டுப்பாட்டையே அதுல எழுதிடலாம்ல' என்றார். இளைஞர்களும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு சந்தேகம். சில குடும்பங்களுக்கு இன்னும் பழங்குடிச் சான்று வரவில்லை, ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் அலைய விடுகிறார்கள். அவர்களை மனுவில் சேர்க்கலாமா? இன்னொன்று, அதே கழியை மீனவ ஊர்களும் பயன்படுத்துகின்றன, அப்படியிருக்க ஒரு குடியிருப்பு மட்டும் எப்படிக் கேட்பது?

கெடிலம் (கடலூர்):

சேர்த்துக்கொள்ளுங்கள். இது சமூக உரிமை, கிராம சபை பெயரில் வருவது, ஆளுக்கு ஆள் பட்டா இல்லை. சான்று வேலையைத் தனியாக விடாமல் தள்ளிக்கொண்டே இருங்கள்.

ஒரே இடத்தை ஒன்றுக்கு மேற்பட்ட ஊர் பயன்படுத்தினால், அந்தந்த ஊர்களின் வன உரிமைக் குழுக்கள் கூடிப் பேசித் தங்கள் முடிவை அந்தந்த கிராம சபைக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று விதி 12இல் இருக்கிறது. அவர்களுக்குள் தீராவிட்டால்தான் கோட்டக் குழுவுக்குப் போகும். பழங்குடி அல்லாத மீனவர்களும் 2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அங்கே குடியிருந்து அந்தக் காட்டை நம்பிப் பிழைத்ததைக் காட்டினால் இதே சட்டத்தில் கேட்கலாம். ஆகவே சேர்ந்தே கேட்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. அலைவாய் சொன்னபடி முதலில் பேச்சு, பிறகு மனு.

அலைவாய் (கடலூர் கடற்கரை ஊர்):

கிள்ளை பக்கத்து மீனவ ஊர்களில் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பஞ்சாயத்தாரிடம் நாள் கேட்டுச் சொல்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் வேண்டாம், அன்றைக்குக் கழியில் வேலை அதிகம், உங்கள் ஆட்களால் வர முடியாது.

கழிக்கரை (பரங்கிப்பேட்டை):

சரி, அட்டமி, நவமி நாட்களில் ஏற்றம் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள், அன்றைக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். வரைபட வேலையைப் பிள்ளைகளோடு நாளைக்கே ஆரம்பிக்கிறேன், வாய்க்கால் பெயர்களைப் பாட்டிகள் சொல்லச் சொல்ல எழுதப் போகிறோம். படிவம் சி தமிழில் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.